நல்லுணவையும் உடற்பயிற்சியையும் விரும்பக் கற்றல்

உடலுக்கு நன்மை தரும் உணவையும் உடலுழைப்பையும் மருந்தாகவோ கடமையாகவோ கருதாமல், அவற்றை விருப்பத்தோடு நாடும் நிலையைப் படிப்படியாக அடைவதே நல்லுணவையும் உடற்பயிற்சியையும் விரும்பக் கற்றல் ஆகும். உளவியல், ஊட்டச்சத்தியல், உடற்கல்வி ஆகிய துறைகள் இதனை ஆராய்கின்றன. விருப்பும் வெறுப்பும் பிறவியிலேயே அமைந்தவை, அவற்றை மாற்ற இயலாது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் நாக்கின் விருப்பமும் உடலின் விருப்பமும் பெருமளவு பழக்கத்தால் உருவாகின்றன என்பதே ஆய்வுகளில் தெரியவந்துள்ள செய்தி. எத்தகைய சூழலில் அந்தப் பழக்கம் ஏற்படுகிறது என்பதைப் பொறுத்தே விருப்பம் வளர்வதும் வெறுப்பு வளர்வதும் அமைகின்றன.

அறிவும் விருப்பமும்

காய்கறியும் நடைப்பயிற்சியும் நல்லவை என்பதை அறியாதவர் இன்று அரிது. பாடநூல் சொல்கிறது, மருத்துவர் சொல்கிறார், கைப்பேசிக்கு வரும் காலை வணக்கச் செய்தியும் அதையே சொல்கிறது. ஆயினும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நடத்தி 2023இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு அதன் முன்நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. உலக சுகாதார அமைப்பு 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் 11 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்களில் 81 விழுக்காட்டினர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் என்ற அளவை எட்டவில்லை.

இத்தனை பேரும் விவரம் தெரியாமல் இருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. தெரிந்ததைச் செய்ய மன உறுதி வேண்டும் என்பது வழக்கமான அறிவுரை. மன உறுதி தேர்வுக்கு முந்தைய இரவில் விழித்துப் படிப்பதைப் போன்றது. ஓரிரு நாளைக்குக் கைகொடுக்கும், ஆண்டு முழுவதும் தாங்காது. பாடத்தை விரும்பிப் படிக்கும் மாணவனுக்கு அந்த விழிப்பே தேவைப்படுவதில்லை.

அமெரிக்க உளவியலாளர்கள் எட்வர்டு டெசி, ரிச்சர்டு ரயான் ஆகியோர் உருவாக்கிய தற்தீர்மானக் கோட்பாடு இந்த வேறுபாட்டை விளக்குகிறது. பிறர் அச்சுறுத்தலுக்காகச் செய்வது, குற்ற உணர்வால் செய்வது, பயனை உணர்ந்து செய்வது, செய்வதிலேயே இன்பம் கண்டு செய்வது எனத் தூண்டல் பல படிகளில் அமைகிறது. மேற்படிக்குச் செல்லச் செல்ல அந்தச் செயல் நீடிக்கும் வாய்ப்பும் கூடுகிறது. "சர்க்கரை வந்துவிட்டது, வேறு வழியில்லை" என்று நடப்பவரும், நடக்காத நாளில் எதையோ இழந்ததுபோல் உணர்பவரும் ஒரே பூங்காவில்தான் நடக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து அங்கே யார் இருப்பார் என்பதில்தான் வேறுபாடு.

பிறவிச் சுவையும் பழகிய சுவையும்

பிறந்த குழந்தை இனிப்பை விரும்பும், கசப்புக்கு முகம் சுளிக்கும். இவை இரண்டும் பிறவியிலேயே உள்ளவை. இனிப்பு ஆற்றல் மிக்க உணவின் அடையாளம், கசப்பு நச்சுச் செடிகளின் அடையாளம் என்பதால் இயற்கை இவ்வாறு அமைத்திருக்கிறது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். கசப்பை உணரும் திறனும் ஆளுக்கு ஆள் வேறுபடும். 1931இல் அமெரிக்க வேதியியலாளர் ஆர்தர் ஃபாக்ஸ், தம் ஆய்வகத்தில் பறந்த ஒரு வேதிப்பொருளின் தூள் உடனிருந்தவருக்குக் கடுமையாகக் கசந்ததையும் தமக்கு எந்தச் சுவையும் தெரியாததையும் கவனித்தார். இவ்வேறுபாட்டுக்கு மரபணுவே முதன்மைக் காரணம் என்பது பின்னர் தெரியவந்தது. எனவே முட்டைக்கோசோ பாகற்காயோ ஒரு குழந்தைக்கு மற்றக் குழந்தையைவிட உண்மையிலேயே கூடுதலாகக் கசக்கலாம். அதை அடம் என்று மட்டும் எடுத்துக்கொள்வது சரியன்று.

ஆயினும் பிறவி விதித்தது தொடக்கத்தை மட்டுமே. பிலடெல்பியாவிலுள்ள மோனெல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜூலி மென்னெல்லாவும் உடனாய்வாளர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், சில தாய்மார் கருவுற்ற இறுதி மாதங்களிலும் வேறு சிலர் பாலூட்டும் காலத்திலும் கேரட் சாறு பருகினர். மற்றொரு பிரிவினர் தண்ணீர் மட்டுமே பருகினர். பின்னர்க் குழந்தைகளுக்குக் கேரட் கலந்த தானியக் கூழ் கொடுக்கப்பட்டபோது, முன்பே அந்த மணத்தை அறிந்த குழந்தைகள் குறைவாகவே முகம் சுளித்தன. தாய் உண்ட உணவின் மணம் கருப்பை நீரிலும் தாய்ப்பாலிலும் கலந்து குழந்தையைச் சென்றடைகிறது. சுவையின் முதல் பாடம் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

இரண்டு வயது முதல் ஏறத்தாழ ஆறு வயது வரை புதிய உணவின் மீது அச்சம் மிகுந்திருக்கும். நேற்று வரை கீரைச் சோறு உண்ட குழந்தை இன்று பச்சையாக எதைக் கண்டாலும் தட்டைத் தள்ளுவது இதனால்தான். இப்பருவத்தில் ஒரு புதிய உணவை ஏற்றுக்கொள்ளக் குழந்தைக்கு எட்டு, பத்து, சில வேளை பதினைந்து முறைகூட அதைச் சுவைக்கும் வாய்ப்பு தேவைப்படுகிறது. பெரும்பாலான வீடுகளில் இரண்டு மூன்று முறை கொடுத்துப் பார்த்துவிட்டு, "இவனுக்குப் புடலங்காய் பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த வாக்கியத்தைக் கேட்டே வளரும் குழந்தை அதைத் தன் இயல்பாகவே ஏற்றுக்கொள்கிறது.

மிளகாய் தரும் சான்று

பழகிய விருப்பத்துக்கு மிளகாயைவிடச் சிறந்த சான்று இல்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துக்கு உரிய செடி. போர்த்துக்கீசியர் வழியே 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன் தமிழர் உணவில் காரத்துக்கு மிளகே இருந்தது. அந்த மிளகை ஒட்டியே மிளகாய்க்குப் பெயரும் அமைந்தது.

அறுசுவையில் கார்ப்பு ஒன்றாக எண்ணப்பட்டாலும், இன்றைய உடலியல்படி காரம் ஒரு சுவையன்று, எரிச்சல். மிளகாயிலுள்ள காப்சைசின், சூட்டையும் வலியையும் உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. சுடும் பண்டத்தைத் தொட்டால் செயல்படும் அதே ஏற்பிதான் மிளகாயைக் கடித்தாலும் செயல்படுகிறது. இந்த ஏற்பியை 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், 2021ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசை ஆர்டெம் படபூட்டியனுடன் பகிர்ந்துகொண்டார்.

அதாவது, உடல் "இது ஆபத்து" என்று எச்சரிக்கும் ஒரு பொருளைக் கோடிக்கணக்கான மக்கள் நாள்தோறும் விரும்பி உண்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் பால் ரோசின், மெக்சிகோ நாட்டுச் சிற்றூர் ஒன்றில் இதை ஆராய்ந்தார். அங்கே மிளகாய் கலந்த மிச்ச உணவை நாள்தோறும் தின்ற நாய்களும் பன்றிகளும், காரமுள்ளதும் காரமற்றதும் முன்னே வைக்கப்பட்டபோது காரத்தை விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. மனிதக் குழந்தைகளோ சிறு வயதிலேயே காரத்தை விரும்பத் தொடங்கிவிட்டனர்.

குழந்தைகளுக்கு வாய்த்து விலங்குகளுக்கு வாய்க்காதது எது என்று பார்த்தால் வழி புலப்படும். அந்தக் குழந்தைகளை யாரும் மிளகாய் உண்ணக் கட்டாயப்படுத்தவில்லை. பெரியவர்களும் அண்ணன் அக்காள்மாரும் விரும்பி உண்பதை அவர்கள் நாள்தோறும் பார்த்தார்கள். தமிழ் வீடுகளிலும் இதே முறைதான். முதலில் பருப்புச் சோறு, பிறகு நீர்த்த ரசம், பிறகு சாம்பார், அதன் பின்பே காரக்குழம்பு. "உனக்குக் காரம், வேண்டாம்" என்று தாய் தட்டை நகர்த்துவதும், குழந்தை பிடிவாதமாக விரலால் தொட்டு நக்குவதும், கண்ணில் நீர் வழியத் தண்ணீர் குடித்துவிட்டு மீண்டும் தொடுவதும் எல்லார் வீட்டிலும் நடப்பவை. மிளகாய் உடலுக்கு நல்லது என்று எந்தத் தாயும் பாடம் நடத்துவதில்லை. கீரைக்குத்தான் பாடம் நடத்துகிறார்கள்.

காப்பியும் இவ்வாறே. முதல் வாய்க் கசப்புக் காப்பியை விரும்பியவர் அநேகமாக இல்லை. பாலும் சர்க்கரையும் விருந்தினர் பேச்சும் சேர்ந்து அந்தக் கசப்பை இன்பமாக்குகின்றன.

அளவு மாறும் நாக்கு

விரும்பக் கற்பதைப் போலவே, மிகுதியான விருப்பத்தைத் தணிக்கவும் கற்க முடியும். மேரி பெர்ட்டினோ, கேரி போஷாம்ப் ஆகியோர் 1982இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து மாதம் உப்புக் குறைத்த உணவை உண்ட இளைஞர்கள், முன்பு சரியாக இருந்த உப்பு அளவை மிகுதி என்று உணர்ந்து, குறைந்த உப்பையே சுவையானதாகக் குறிப்பிட்டனர். மாற்றம் சில வாரங்களில் தொடங்கி மாதங்களில் நிலைபெறுகிறது. முதல் இரண்டு வாரம் சாப்பாடு சப்பென்று இருக்கும் என்பதை முன்பே அறிந்திருப்பவர் கைவிடுவதில்லை. அறியாதவர் மூன்றாம் நாளே ஊறுகாய்ப் பாட்டிலைத் திறந்துவிடுகிறார்.

உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும் உப்பின் அளவு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. அப்பளம், வற்றல், மோர்மிளகாய், கருவாடு, ஊறுகாய் ஆகியவற்றோடு உண்ணும் வீட்டில் இதை ஒரே நாளில் எட்டிவிட முடியாது. தேநீருக்குச் சர்க்கரை குறைப்பவர்களும் இரண்டு கரண்டியிலிருந்து ஒன்றரை, ஒன்று என இறங்கினால் நாக்கு உடன்வருகிறது.

கட்டாயமும் பரிசும்

பெரியவர்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் இரண்டு செயல்கள் விருப்பத்தைக் கெடுக்கின்றன. ஒன்று வற்புறுத்துவது, மற்றொன்று கையூட்டுப்போலப் பரிசு கொடுப்பது.

அமெரிக்க உளவியலாளர் லியான் பிர்ச்சும் உடனாய்வாளர்களும் 1984இல் பாலர் பள்ளிக் குழந்தைகளுக்கு கெஃபிர் என்னும் புளித்த பால் பானத்தைக் கொடுத்தனர். சிலருக்கு "இதைக் குடித்தால் பரிசு உண்டு" என்று சொல்லப்பட்டது, மற்றவர்களுக்கு எதுவும் சொல்லாமல் கொடுக்கப்பட்டது. பரிசுக்காகக் குடித்தவர்களுக்குப் பின்னர் அந்தப் பானத்தின் மீதிருந்த விருப்பம் குறைந்தது. காரணம் எளியது. "கீரையை முடித்தால் சாக்லேட்" என்று கேட்கும் குழந்தை, கீரை கடக்க வேண்டிய தடை, சாக்லேட்டே வெற்றி என்று புரிந்துகொள்கிறது. கூலி கொடுக்காவிட்டால் யாரும் உண்ணமாட்டார்கள் என்றால் அது நல்ல பண்டமாக இருக்க முடியாது அல்லவா?

பிர்ச்சின் குழுவினர் 2006இல் சூப்பைக் கொண்டு வற்புறுத்தலையும் ஆராய்ந்தனர். "சூப்பை முடி" என்று மீண்டும் மீண்டும் சொல்லப்பட்ட குழந்தைகள் குறைவாகவே குடித்தனர், அதைப் பற்றிக் குறைகளையும் மிகுதியாகச் சொன்னார்கள்.

உணவுக்கு வெளியிலும் இவ்விதி பொருந்துகிறது. 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் ஆகியோர் ஓவியம் வரைவதை ஏற்கெனவே விரும்பிய சிறு குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம் "வரைந்தால் சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்து ஓய்வு நேரத்தில் கவனித்தபோது, அப்பிரிவினர் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களின் நேரத்தில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் இக்குறைவு காணப்படவில்லை.

இங்கே ஒரு விலக்கும் உண்டு. லண்டனில் லூசி குக், ஜேன் வார்டில் ஆகியோர் 4 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், பிடிக்காத காய்கறி ஒன்றைச் சிறு துண்டு சுவைத்ததற்கு ஓர் ஒட்டுப்படம் கொடுத்தபோது விருப்பம் குறையவில்லை, கூடவே செய்தது. பாராட்டுக்கும் அதே பயன் கிடைத்தது. ஏற்கெனவே விரும்பும் செயலுக்குப் பரிசு கெடுதல், அறவே தொடமறுக்கும் உணவை முதன்முதல் வாயில் வைக்கச் சிறு பரிசு உதவும் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். உண்ணும் பொருளையே பரிசாக்குவதுதான் தவிர்க்க வேண்டியது. பிறந்தநாள் என்றால் சாக்லேட், நல்ல மதிப்பெண் என்றால் ஐஸ்கிரீம் என்ற வழக்கம் பள்ளிகளிலும் ஆழமாக வேரூன்றிவிட்டது. அதைக் களைவது எளிதன்று.

ஜப்பானில் 2005இல் உணவுக் கல்விக்கெனவே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அங்குள்ள தொடக்கப் பள்ளிகளில் மாணவர்களே வெள்ளை மேலாடையும் தொப்பியும் அணிந்து முறைவைத்து உணவு பரிமாறுகிறார்கள், ஆசிரியரும் உடனமர்ந்து அதே உணவை உண்கிறார். அங்கே மதிய உணவு ஒரு பாடவேளையாகவே கொள்ளப்படுகிறது. தமிழ்நாட்டில் 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டமும் 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் லட்சக்கணக்கான குழந்தைகளை ஒரே பந்தியில் அமர்த்துகின்றன. நண்பன் விரும்பி உண்பதைப் பார்த்து உண்ணும் வாய்ப்பு அங்கே இயல்பாகவே அமைந்திருக்கிறது. ஆசிரியரும் அவ்வப்போது தட்டெடுத்து அமர்ந்தால் அதன் பயன் இன்னும் கூடும்.

சமையலின் பங்கு

காய்கறியை வெறுப்பவர்களில் பலர் உண்மையில் வெறுப்பது குழைய வெந்த காய்கறியை. முட்டைக்கோசு, காலிஃபிளவர் போன்றவை நெடுநேரம் வெந்தால் கந்தகச் சேர்மங்கள் வெளிப்பட்டு விரும்பத்தகாத வாடை வீசும். விடுதிச் சாப்பாட்டில் கோசு என்றாலே மூக்கைப் பிடித்தவர், அதையே கடுகு, தேங்காய்த் துருவலோடு ஐந்து நிமிடம் வதக்கித் தந்தால் இரண்டாம் முறை கேட்கக்கூடும்.

கசப்பைக் கையாளுவதில் தமிழர் சமையல் தேர்ந்தது. பாகற்காய்க்குப் புளியும் சிறிது வெல்லமும், சுண்டைக்காய்க்கு மோரும் உப்பும் வெயிலும், வேப்பம்பூவுக்கு மாங்காயும் வெல்லமும் சேர்க்கும் முறைகள் கசப்பை முழுதும் நீக்காமல் அதன் கூர்மையை மட்டும் மழுக்குகின்றன. உப்பு கசப்பைத் தணிக்கும் என்பதை பால் பிரெஸ்லின், கேரி போஷாம்ப் ஆகியோர் 1997இல் சோதனை வழியே காட்டினர். பாகற்காயை உப்பிட்டுப் பிசறி வைக்கும் பாட்டிமார் அதன் பயனை அடுப்படியில் அறிந்திருந்தனர்.

உணவின் பெயரும் சுவையைப் பாதிக்கும். ஸ்டான்போர்டு பல்கலைக்கழக உணவகத்தில் பிராட்லி டர்ன்வால்டு, அலியா கிரம் ஆகியோர் ஒரே முறையில் சமைத்த காய்கறிக்கு நாளுக்கொரு பெயரிட்டு வைத்தனர். நாவூறச் செய்யும் பெயரிட்ட நாளில், வெறும் பெயரிட்ட நாளைவிட 25 விழுக்காடும், கொழுப்போ சர்க்கரையோ குறைந்தது என்று எழுதிய நாளைவிட 41 விழுக்காடும் கூடுதலானோர் அதை எடுத்துக்கொண்டனர் என்று 2017இல் வெளியான அவர்களின் கட்டுரை கூறுகிறது. "உடம்புக்கு நல்லது, சாப்பிடு" என்ற சொல், சுவையாக இராது என்ற முன்னறிவிப்பாகவே பலர் காதில் விழுகிறது.

மதிப்பும் அப்படியே. ஒரு தலைமுறைக்கு முன் கேழ்வரகுக் கூழும் கம்பஞ்சோறும் வறுமையின் அடையாளமாக இருந்தன. நெல்லுச்சோறு விசேஷ நாளுக்குரியது. வசதி வந்ததும் மக்கள் முதலில் கைவிட்டது கூழைத்தான். ஐக்கிய நாடுகள் அவை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த காலத்தில் அதே தானியங்கள் நகரக் கடைகளில் அரிசியைவிடக் கூடிய விலைக்கு விற்றன. தானியத்தின் சுவை மாறவில்லை, உண்பவரின் கண்ணோட்டம்தான் மாறியது.

பொட்டலத் தின்பண்டங்களைப் பொறுத்தவரை சிக்கல் வேறு. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தின் கெவின் ஹால் 2019இல் வெளியிட்ட ஆய்வில் 20 பேர் இரண்டு வாரம் மிகுதியாகப் பதப்படுத்தப்பட்ட உணவையும் இரண்டு வாரம் அவ்வாறு பதப்படுத்தாத உணவையும் விரும்பிய அளவு உண்டனர். முதல் வகையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கிலோகலோரி கூடுதலாக உள்ளே சென்றது. குறிப்பிடத்தக்கது என்னவெனில், இரு வகை உணவும் இனிமையில் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்ததாக உண்டவர்கள் மதிப்பிட்டனர். மிகுதியாக உண்பது மிகுதியாக மகிழ்வது ஆகாது.

தண்டனையாகிப்போன ஓட்டம்

தாமதமாக வந்தால் மைதானத்தைச் சுற்றி ஐந்து சுற்று. வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் ஐம்பது தோப்புக்கரணம். மதிப்பெண் குறைந்தால் விளையாட்டுப் பாடவேளை ரத்து. பொதுத்தேர்வு நெருங்கினால் அந்த வேளையைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வார். பல பள்ளிகளில் வழங்கிவரும் இம்முறைகளைச் சேர்த்துப் பார்த்தால், ஓட்டம் ஒரு தண்டனை என்றும் விளையாட்டு படிப்புக்கு இடையூறு என்றும் ஒரு மாணவன் பத்தாண்டுகள் தொடர்ந்து கற்கிறான் எனத் தெரியும். நாற்பது வயதில் மருத்துவர் "தினமும் நடங்கள்" என்று சொல்லும்போது, பழைய தண்டனை திரும்பி வந்ததாக அவன் உணர்ந்தால் அது அவன் குற்றமன்று. விளையாட்டுக்கு அணி பிரிக்கும்போது கடைசி ஆளாக நிற்கவைக்கப்பட்ட குழந்தையும், வயதுக்கு வந்ததும் மைதானத்துக்கு அனுப்பப்படாத பெண் குழந்தையும் கற்றுக்கொள்வதும் இத்தகைய பாடத்தையே.

பெரியவர்கள் மீண்டும் தொடங்கும்போது செய்யும் முதல் பிழை வேகம். உடற்பயிற்சியின்போது ஏற்படும் உணர்வை ஆராய்ந்த பாண்டெலெய்மோன் எக்கெகாகிஸ், குறிப்பிட்ட ஒரு கடுமை எல்லை வரை பெரும்பாலோர்க்கு இயக்கம் இனிமையாகவே இருக்கிறது, மூச்சு வாங்கத் தொடங்கும் அந்த எல்லையைத் தாண்டியதும் அநேகமாக எல்லாருக்கும் துன்பமாகிறது என்று காட்டினார். உடல் பழகாதவருக்கு இந்த எல்லை மிகத் தாழ்வாக இருக்கும், சற்று விரைந்த நடையிலேயே வந்துவிடும். எல்லையை அறியக் கருவி தேவையில்லை. நடந்துகொண்டே உடன்வருபவருடன் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் எல்லைக்குள் இருப்பதாகக் கொள்ளலாம். சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கினால் தாண்டியாயிற்று. புத்தாண்டுத் தீர்மானத்தோடு முதல் நாளே ஐந்து கிலோமீட்டர் ஓடுபவர் பத்தாம் நாள் காணாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பயிற்சி எப்படி முடிகிறது என்பதும் முக்கியம். சேக்கரி சென்கோ, எக்கெகாகிஸ், டேன் ஏரியலி ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வில் 15 நிமிட மிதிவண்டிப் பயிற்சி இரு வகையாக அமைக்கப்பட்டது. ஒரு குழுவுக்கு எளிதில் தொடங்கிக் கடுமையில் முடிந்தது. மற்றக் குழுவுக்குக் கடுமையில் தொடங்கி எளிமையில் முடிந்தது. மொத்த உழைப்பு சமமே. கடுமை படிப்படியாகக் குறைந்த குழுவினர், பயிற்சியை இனிமையானதாக நினைவுகூர்ந்தனர், அடுத்த முறையும் இனிமையாக இருக்கும் என எதிர்பார்த்தனர். உடலைச் சூடேற்றிக்கொள்ளச் சில நிமிடம் மெதுவாகத் தொடங்குவது பாதுகாப்புக்குத் தேவை. அதன் பிறகு கடினமான பகுதியை முன்னதாக முடித்துவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்தை மர நிழலில் மெல்ல நடந்து முடிப்பவர் மறுநாள் வரத் தயங்குவதில்லை.

கனடாவின் மாத்யூ ரூபி 2011இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு தடையைக் காட்டியது. மக்கள் பயிற்சிக்கு முன்பு, தாம் அதில் அடையப்போகும் மகிழ்ச்சியைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். காரணம், மனம் பயிற்சியின் தொடக்க நிமிடங்களையே எண்ணிப் பார்க்கிறது. படுக்கையை விட்டு எழுவது, காலணி மாட்டுவது, முதல் நூறு அடியின் அலுப்பு ஆகியவை கண்முன் நிற்கின்றன. இருபதாம் நிமிடத்தில் வரும் உற்சாகம் நினைவுக்கு வருவதில்லை. முதல் பத்து நிமிட மனநிலையைக் கொண்டு முழுப் பயிற்சியையும் எடைபோடக் கூடாது.

பயிற்சி என்றவுடன் உடற்பயிற்சிக் கூடத்தையே எண்ண வேண்டியதில்லை. கபடி, பூப்பந்து, சிலம்பம், நீச்சல், கிராமத்துக் கும்மி எல்லாமே இதில் அடங்கும். கிட்டிப்புள்ளும் பச்சைக்குதிரையும் யாழ்ப்பாணத்துக் கிளித்தட்டும் ஆடிய குழந்தைகளுக்கு உடற்பயிற்சி என்ற சொல்லே தேவைப்படவில்லை. இருட்டிய பிறகும் வீட்டுக்கு வராததற்காகத்தான் அவர்கள் திட்டு வாங்கினார்கள். உலக சுகாதார அமைப்பு பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கத்தைப் பரிந்துரைக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் தோழியுடன் பேசிக்கொண்டு நடந்தாலே கீழ் அளவு நிறைந்துவிடும்.

பழக்கமாகும் காலம்

21 நாளில் எந்தப் பழக்கமும் வந்துவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுவதற்கு உறுதியான அடிப்படை இல்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலி 96 பேரை 12 வாரம் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நிகழும் பழக்கமாக 18 முதல் 254 நாள் வரை ஆகலாம் எனக் கணக்கிடப்பட்டது. நடுமதிப்பு 66 நாள். தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல் விரைவிலும் உடற்பயிற்சி தாமதமாகவும் பழக்கமாயின. இடையே ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை. திருமண வீட்டுக்குப் போய் இரண்டு நாள் நடை தவறியவர், எல்லாம் கெட்டுவிட்டது என்று விட்டுவிட வேண்டியதில்லை.

விரும்பும் ஒன்றை விரும்பாத ஒன்றோடு இணைக்கும் முறையும் ஆராயப்பட்டுள்ளது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கேட்டி மில்க்மன், ஆர்வமூட்டும் ஒலி நூல்களை உடற்பயிற்சிக் கூடத்தில் மட்டுமே கேட்க முடியும் என்று அமைத்தபோது, தொடக்கத்தில் வருகை 51 விழுக்காடு கூடியது. ஆனால் வாரங்கள் செல்லச் செல்ல அந்தப் பயன் குறைந்து, நீண்ட விடுமுறை ஒன்றுக்குப் பின் மறைந்துபோனது. பாட்டும் கதையும் வாசல் வரை அழைத்துவரும், அவ்வளவே. உள்ளே நிற்பதற்கு அந்த இயக்கத்திலேயே ஏதோ ஒன்று பிடித்துப்போக வேண்டும்.

வரம்புகள்

எல்லாவற்றையும் தனிமனித விருப்பத்தின் மீது சுமத்துவது நியாயமன்று. நடைபாதை இல்லாத சாலையிலும், தெருநாய் துரத்தும் சந்திலும், இருட்டில் பெண்கள் தனியே போக அஞ்சும் பகுதியிலும் நடையை விரும்பு என்று சொல்வதில் பொருளில்லை. கூலி வேலைக்குச் சென்று திரும்புபவருக்கு உடலுழைப்பு ஏற்கெனவே மிகுதி, அவருக்கு வேண்டியது ஓய்வும் பழமும் பருப்பும். மைதானமே இல்லாமல் மாடிக் கட்டடத்தில் இயங்கும் பள்ளியில் உடற்கல்விப் பாடநூலை மட்டும் கொடுத்துப் பயனில்லை.

உணவைப் பற்றிய அளவுமீறிய கட்டுப்பாடு சிலரிடம், குறிப்பாக வளரிளம் பருவத்தினரிடம், உணவு உட்கொள்ளல் சீர்கேடாக மாறுவதுண்டு. உணவைக் கண்டு அஞ்சுவது, உண்டதற்காகத் தன்னைத் தண்டித்துக்கொள்வதுபோல் ஓயாது பயிற்சி செய்வது ஆகியவை அதன் அறிகுறிகள். இவை தென்பட்டால் அறிவுரையை நிறுத்திவிட்டு மருத்துவரை நாட வேண்டும். நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர், இதய நோயுள்ளவர், மூட்டுத் தேய்மானம் உள்ளவர் ஆகியோரும் புதிய உணவுமுறையையோ பயிற்சியையோ தொடங்குமுன் மருத்துவரைக் கேட்பது நல்லது.

முதியோரிடம் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். வயது ஏற ஏற மணத்தை உணரும் திறன் குறைகிறது, சில மருந்துகள் நாக்கின் சுவையை மாற்றுகின்றன, பல்செட் அணிந்தவருக்குப் பச்சைக் காய்களை மெல்ல முடிவதில்லை. தட்டில் காயை ஒதுக்கும் தாத்தாவுக்கு அது பிடிக்கவில்லை என்று எண்ணுவதற்கு முன், அதை மென்று விழுங்க அவரால் முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பீர்க்கங்காயைத் துவையலாக அரைத்தோ, முருங்கைக்கீரையைப் பருப்போடு மசித்தோ, பெருங்காயமும் சீரகமும் சற்றுக் கூட்டித் தாளித்தோ கொடுத்தால் அவர் தட்டை நகர்த்தாமல் உண்ணக்கூடும்.